பூச்சிகளுக்குப் பத்து நாள் பால்

நடந்தவை, வரிசையாக:

1. ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் கழிவுநீர் நிலையத்தின் காற்றுத் தொட்டியில் நுரை பழுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறியிருந்தது.

2. ஆக்சிஜன் மீட்டரை இறக்கிப் பார்த்தேன். ஏறக்குறையப் பூஜ்யம்.

3. அன்றைக்கென்று பார்த்து, வெளியேறும் நீரில் மாதிரி எடுக்க ஆய்வகத்திலிருந்து ஆள் வந்தார்.

4. மாதிரி தோற்றது. ஓர் எண்ணில் அல்ல, பார்த்த எல்லா எண்களிலும்.

5. அதே வாரத்தில், நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் பெருமாள் அண்ணேக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காற்றூதியை நிறுத்திவிட்டுத் தூங்கினீரா என்று சுற்றி வளைத்துக் கேட்டிருந்தார்கள். இந்த வருடத்துக்குள் இன்னொரு மாதிரி தோற்றால் வேலை போகும் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்கள்.

6. அவர் தூங்கவில்லை.

இந்த ஆறாவது வரியை நிரூபிக்க எனக்கு ஓர் ஆடி மாதம் தேவைப்பட்டது.

பெருமாள் அண்ணே அந்தக் கடிதத்தைத் தொட்டியோரக் கம்பியில் சாய்ந்து நின்று இரண்டு முறை படித்தார். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகினார். இரண்டு காற்றூதிகளும் இரைந்துகொண்டிருந்ததால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மிஸ், என் வீடு அந்தா, மூணாவது வரிசை. ப்ளோவர் சத்தம் நின்னா எனக்கு முழிப்பு வந்துரும். என் பொஞ்சாதி சொல்லுவா, நீ என்னைக் கட்டினியா அந்த மெஷினைக் கட்டினியான்னு. என்னைப் போயி தூங்கினான்னு எழுதிட்டாங்களே!"

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். என் பொறுப்பில் கொடுக்கப்பட்ட முதல் நிலையம் அது. அவர் வேலையைக் காப்பாற்றுகிறேன் என்று வாக்குக் கொடுக்கும் தைரியம் எனக்கு இல்லை. "காரணத்தைக் கண்டுபிடிக்கிறேன் அண்ணே" என்று மட்டும் சொன்னேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.

ஈர மண் வாசனை

கிள்ளானுக்கும் போர்ட் கிள்ளானுக்கும் நடுவே, லோரிகள் ஓயாத பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்தத் தாமான் குடியிருப்பு. நூற்றைம்பது வீடுகள், ஒரு வரிசைக் கடைகள், ஒரு பந்துத் திடல், ஒரு மாரியம்மன் கோயில். திடலுக்குப் பின்னால் வேலி போட்ட இடம்தான் எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பந்து வேலி தாண்டி விழுந்தால் ஒழிய அங்கே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

நூற்றைம்பது வீட்டுக் குளியல், துவையல், கழிப்பறை எல்லாம் குழாய்ச் சரிவிலேயே ஓடி அங்கே வந்து சேரும். முதலில் ஒரு கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக், தலைமுடி எல்லாம் அதில் நிற்கும். அடுத்தது காற்றுத் தொட்டி. அடியிலிருந்து காற்று குமிழிட்டுக்கொண்டே இருக்க, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். பெருமாள் அண்ணே அவற்றைப் 'பூச்சி' என்பார். கடைசியாகத் தெளியும் தொட்டி. தின்று கொழுத்தவை அடியில் படிய, மேலே தெளிந்த நீர் விளிம்பு தாண்டி வழிந்து சிற்றாற்றுக்குப் போகும்.

நாற்றமடிக்காதா என்று எல்லாரும் கேட்பார்கள். நன்றாக ஓடும் தொட்டியில் மழை விட்ட பிறகு வரும் மண் வாசனைதான் இருக்கும். நான் சொன்னால் நம்பமாட்டார்கள். செந்தூலில் இருக்கும் என் அம்மாவும் நம்பவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது யாராவது "மகள் என்ன வேலை?" என்று கேட்டால், "தண்ணி இன்ஜினியர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். அது எந்தத் தண்ணீர் என்று மாதா கோயிலில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மண் வாசனை இல்லை. புளித்த வாசனை. அது எனக்குத் தெரிந்த வாசனை போலவும் இருந்தது, அந்த இடத்துக்குப் பொருந்தாததாகவும் இருந்தது.

சல்லடையில் சிக்கியவை

எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு. கடைக்குப் போக ஒரு பட்டியல், கொம்யூட்டர் ரயில் தாமதமானால் காரணங்களுக்கு ஒரு பட்டியல். நிலையத்திலும் முதல் நாளே ஒரு நோட்டு ஆரம்பித்திருந்தேன். தலைப்பு: சல்லடையில் சிக்கியவை. ஈரத் துடைப்புத் தாள், பிள்ளைகளின் காலுறை, ஒரு தடவை பொய்ப்பல். அதைக் கழுவி வேலியில் ஒரு வாரம் மாட்டிவைத்தோம், யாரும் கேட்டு வரவில்லை.

தொட்டி செத்துப்போன பிறகு முதல் வேலை அதை உயிர்ப்பிப்பது. பக்கத்து நிலையத்திலிருந்து ஒரு டாங்கி லோரி நிறைய நல்ல சேறு வரவழைத்தோம். தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான் அதுவும். மூன்று வாரத்தில் நுரை மறுபடி பழுப்பானது. கல்லூரி நாளில் வாங்கிய பழைய நுண்ணோக்கியைக் கொண்டுபோய் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். மணி போன்ற தலையும் சுருள் காம்புமாக அந்த நுண்ணுயிர்கள் திரும்பி வந்திருந்தன. இவை இருந்தால் தொட்டி நலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

பெருமாள் அண்ணேயைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இதுவா பூச்சி? இத்தனை வருஷம் மூஞ்சியே பாக்காம சோறு போட்டிருக்கேன். அட, ஆடுது மிஸ்! சுருங்குது பாருங்க!"

அன்று மதியம் அந்த நோட்டைப் புரட்டினேன். தொட்டி விழுந்த திங்கட்கிழமைக்கு என் கையெழுத்தில் இருந்தது இது: ரோஜா இதழ்கள். எலுமிச்சை மூடி, மூன்று. வேப்பிலை. தர்ப்பைப் புல். எழுதிய அன்று நுரையைப் பற்றிய கவலையில் அதை யோசிக்கவே இல்லை. இப்போது எனக்குள் ஏதோ துள்ளியது. எந்த வீட்டுக் கழிப்பறையிலிருந்து வேப்பிலை வரும்?

"அண்ணே, அந்த ஞாயித்துக்கிழமை கோயில்ல என்ன?"

"பௌர்ணமிப் பால்குடம் மிஸ். நூறு குடத்துக்கு மேல. ஏன்?"

நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். அவர் படித்தார். கடிதத்தைப் படித்த மாதிரியே இரண்டு முறை. பிறகு பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பைப்பை நான்தான் போட்டேன் மிஸ்."

முன்பெல்லாம் அபிஷேகப் பால், கருவறைக்குப் பின்னால் லோங்காங் என்ற திறந்த வடிகாலில் ஓடுமாம். வெயிலில் நாறும், ஈ மொய்க்கும். அதைவிட, சாமி மேல் பட்ட பால் ஊர்ச் சாக்கடையில் திறந்து கிடந்து மிதிபடுகிறதே என்று அவருக்குப் பல வருட வருத்தம். ஓய்வு நாட்களில் தானே குழி வெட்டி, தானே குழாய் பதித்து, கோயில் கோமுகியைப் பக்கத்து மேன்ஹோலோடு இணைத்திருக்கிறார். கோயில் கமிட்டி அவருக்கு மாலை போட்டு மரியாதை செய்திருக்கிறது. கழிவுநீர்க் குழாயை அவரைவிடத் தெரிந்தவர் தாமானில் யார்?

"பால்தானே மிஸ். கைப்பிள்ளைக்கே குடுக்கிறோம். பூச்சிக்கு ஒடம்புக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

நல்லதுதான், அங்கேதான் சிக்கலே. ஒரு லிட்டர் பாலில் இருக்கும் தீனி, சில நூறு லிட்டர் வீட்டுக் கழிவுநீரில் இருப்பதற்குச் சமம். இரண்டு மணி நேரத்தில் நூறு குடம் வந்து இறங்கினால், தின்னும் வேகத்தில் தொட்டியின் ஆக்சிஜன் முழுவதையும் பூச்சிகளே இழுத்துக்கொள்ளும். பிறகு மூச்சில்லாமல் செத்துப்போகும்.

நான் அறிக்கை எழுத வேண்டும். குழாயைப் பற்றி எழுதினால், அனுமதி இல்லாமல் இணைப்புப் போட்ட குற்றம். எழுதாவிட்டால், தூங்கிய குற்றம் அப்படியே நிற்கும். ரொம்ப நேரம் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன்.

அவரே சொன்னார். "எழுதுங்க மிஸ். பைப் போட்டான்னு சொல்லட்டும், பரவால்ல. தூங்கினான்னு மட்டும் சொல்லக்கூடாது."

எழுதினேன். மேலாளர் ஒரே வரியில் பதில் அனுப்பினார்: ஆடி மாத மாதிரி வரட்டும், பிறகு முடிவு செய்யலாம்.

ஆடி மாதத்தில்தான் அந்தக் கோயிலின் பெரிய பால்குடம். நானூறு குடம்.

மெழுகுவத்தியும் பால்குடமும்

குழாயை வெட்டி எடுத்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். எடுத்தால் பால் மறுபடி லோங்காங்கில் ஓடும். லோங்காங் போய்ச் சேர்வதும் அதே சிற்றாற்றில்தான், அதுவும் சுத்திகரிப்பே இல்லாமல். என் நிலையத்து மாதிரி தேறிவிடும், மீன் செத்து மிதக்கும்.

என் கழுத்தில் சிலுவைச் சங்கிலி கிடக்கிறது. மாரியம்மன் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் போய் அபிஷேகப் பாலைப் பற்றிப் பேச நான் எவ்வளவு பயந்தேன் என்று சொல்லத் தேவையில்லை. கூட்டத்துக்கு முந்தின நாளே சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாமா என்று யோசித்து, அது சரியில்லை என்று வெளியிலேயே விட்டேன்.

கமிட்டித் தலைவர் மாணிக்கம் அங்கிள், துறைமுகத்தில் சொந்தமாக லோரி ஓட்டுகிறவர். குரல் ஹாரன் மாதிரி.

"மிஸ் சர்ச்சா? உங்க மாதா கோயில்ல நான் வந்து, திருவிழாவுக்கு மெழுகுவத்தி கொளுத்தாதீங்கன்னு சொன்னா எப்படி இருக்கும்?"

கூட்டம் சிரித்தது. என் காது சூடானது.

"மெழுகு உருகி உங்க தாமான் குழாய அடைச்சிருந்தா, நீங்க வந்து சொல்லத்தான் வேணும் அங்கிள். நானே நாற்காலி எடுத்துப் போடுவேன்."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை கொஞ்சம் என் பக்கமாக. அந்த இடைவெளியில் சொல்லிவிட்டேன்: பாலை நிறுத்த வேண்டாம், ஒரு குடம்கூடக் குறைக்க வேண்டாம். எல்லாவற்றையும் தனித் தொட்டிகளில் பிடித்து வைப்போம். பத்து நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுவோம்.

செயலாளர் சரோஜா ஆன்டி கல்யாணச் சமையல் எடுப்பவர். அதுவரை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இப்போது தலை நிமிர்ந்தார்.

"அப்ப சாமிக்கு ஒரே நாளு, உங்க பூச்சிக்குப் பத்து நாளா?"

"ஆமா ஆன்டி. அதுங்களுக்கு வயிறு சின்னது."

"அது என்னமோ நெசந்தான். ஒரே நாள்ல பத்து நாள் சாப்பாட்டை எறக்கினா யாருக்குத்தான் தாங்கும்?" கீரையை ஒதுக்கிவிட்டு மாணிக்கம் அங்கிளைப் பார்த்தார். "என்னா தலைவரே, போர்ட்ல லோரி ஓட்டறீங்க, ஒரு தொட்டிக்கு வழியில்லையா?"

"தொட்டியா? எத்தனை வேணும்?" என்றார் அங்கிள். குரலில் ரோஷம். அந்த ரோஷத்துக்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன்.

பெருமாள் அண்ணே வாசல் தூணோரம் நின்றிருந்தார். அவர் வேலை இந்தத் தொட்டிகளில் தொங்குகிறது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

சாம்பார் அண்டா

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு லோரியில் வந்து இறங்கின: இரும்புக் கூண்டுக்குள் அடைத்த ஆறு வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டிகள். துறைமுகக் கிடங்குகளில் திரவச் சரக்குக்குப் பயன்படுகிறவை, ஒவ்வொன்றும் ஆயிரம் லிட்டர்.

ஒவ்வொன்றின் மூடியையும் திறந்து முகர்ந்தேன்.

"மிஸ் என்னா, பூனை மாதிரி?" என்றார் அங்கிள்.

"முன்னாடி இதுல என்ன இருந்துச்சுன்னு பாக்கறேன்."

"அஞ்சுல சிரப்பு. ஆறாவது... தாப்பாலா மிஸ், பரவால்ல, நல்லாக் கழுவிட்டோம்."

ஆறாவதில் சவர்க்கார வாசனை. கழுவக் கழுவ நுரை வந்தது. அந்த நுரை தொட்டிக்குப் போனால் பாலைவிட வேகமாகக் கொல்லும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்து போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன்: நானூறு குடம், இடையிடையே ஊற்றும் தண்ணீர், கழுவல், எல்லாம் சேர்த்து.

திருவிழா அன்று காலை ஏழு மணிக்கே நான் கருவறைக்குப் பின்னால் இருந்தேன். மேன்ஹோலுக்குப் போகும் குழாயில் வால்வு மாட்டி இறுக்கி மூடியாயிற்று. கோமுகி வழியாக வருவது ஒரு குழியில் விழும், அங்கிருந்து பம்பு தொட்டிகளுக்கு ஏற்றும். பம்புக்கு நான், குழாயைத் தொட்டி மாற்றிப் போடுவதற்குச் சரோஜா ஆன்டி. பெருமாள் அண்ணே மஞ்சள் வேட்டியில் வரிசையில் நின்றார். அவருக்கும் வேண்டுதல் இருந்தது. என்ன வேண்டுதல் என்று நான் கேட்கவில்லை.

மேளம் தொடங்கியது. முதல் பால் வந்தபோது நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். வெள்ளை வெளேரென்று, பூவும் வேப்பிலையும் சுழல, கல்லின் வாயிலிருந்து கொட்டியது. குழியின் மேல் நான் கட்டியிருந்த வலையில் இதழ்கள் குவிந்தன. பம்பு உறுமியது. ஒரு தொட்டி. இரண்டு. மஞ்சள் அபிஷேகம் வந்தபோது மூன்றாவது தொட்டி இளமஞ்சளாக நிறைந்தது. அவ்வளவு அழகாக நிரம்பிய ஒரு தொட்டியை நான் அதுவரை பார்த்ததில்லை.

நாலாவது நிறைந்தபோது எட்டிப் பார்த்தேன். வரிசை வாசலைத் தாண்டிக் கடைத் தெருவரை நின்றது.

"ஆன்டி, நானூறு குடம்தானே டிக்கெட்?"

"அது டிக்கெட் எடுத்தவங்க லா மிஸ். வேண்டிக்கிட்டு நேரா குடத்தோட வர்றவங்க எல்லாம் டிக்கெட்டா எடுப்பாங்க?"

என் எந்தப் பட்டியலிலும் அந்த வரி இல்லை. அந்தக் கோயிலில் வளர்ந்த யாருக்கும் அது கேட்க வேண்டிய கேள்வியாகத் தோன்றியிருக்காது. எனக்கு, கேட்கவே தெரியவில்லை.

ஐந்தாவது தொட்டி பாதி தாண்டியது. ஓரமாக ஒதுக்கியிருந்த ஆறாவதைப் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முயன்றேன். வால்வைத் திறந்தால் அடுத்த வாரம் ஓர் ஆளின் வேலை போகும். வரிசையை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நிறுத்தவும் கூடாது. சரோஜா ஆன்டி என் முகத்தைப் பார்த்தார். அப்படியே திரும்பிச் சமையல் கொட்டகையைப் பார்த்துக் கத்தினார்.

"எலே, சாம்பார் அண்டா ரெண்டும் காலியா?"

"ஒண்ணு காலி! இன்னொண்ணுல பாதி இருக்கு!"

மாணிக்கம் அங்கிளின் ஹாரன் குறுக்கிட்டது. "வாளியில மாத்து லா! ரசத்தையும் மாத்து! அரிசி ஊறப்போடற டிரம் எல்லாம் கொண்டா! மிஸ், இதையும் மோந்து பாப்பீங்களா?"

"சாம்பார் பரவால்ல அங்கிள்! பூச்சிக்குப் பழக்கம்தான்!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கமிட்டியே ஓடியது. அண்டாக்கள் நிறைந்தன, டிரம்கள் நிறைந்தன. பாயசத்துக்கென்று தேய்த்துக் கவிழ்த்திருந்த பெரிய பாத்திரத்தையும் சரோஜா ஆன்டி ஒரு பெருமூச்சோடு கொடுத்தார். அன்று அன்னதானத்தில் பாயசம் இல்லை. கடைசிக் குடம் ஊற்றி மணி அடித்தபோது, கடைசி டிரம்மில் ஒரு சாண் மிச்சம் இருந்தது. என் சட்டை முழுக்கப் பால். குதிக்கிறேன் என்பதைப் பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி என்னைப் பார்த்துச் சிரித்தபோதுதான் உணர்ந்தேன்.

ஊட்டும் வேலை

அன்று மாலையே தொட்டிப் பாலைக் குழாய்க்குத் திருப்பி, வால்வைக் கால் திருப்புத் திறந்தோம். பெருமாள் அண்ணே கோயிலில் வால்வோரம், நான் நிலையத்தில் ஆக்சிஜன் மீட்டரோரம், நடுவில் கைப்பேசி.

"எவ்ளோ மிஸ்?"

"ரெண்டு. இன்னும் கொஞ்சம் தாங்கும்."

"திறக்கவா?"

"ஒரு நூல் அளவு."

இரண்டாம் நாள் பால் திரிந்து புளிப்பு ஏறியது. சுண்ணாம்பு கரைத்து ஊற்றினோம். கோயிலுக்குப் பக்கத்து வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. சரோஜா ஆன்டி வீடு வீடாகப் போய் என்ன சொன்னாரோ, அடங்கியது. நாலாம் நாள் நுரை வெளுத்தது. ஒரு நாள் முழுக்க வால்வை மூடிவைத்தோம். அடுத்த நாள் நுரை பழுப்புக்குத் திரும்பியது. நுண்ணோக்கியில் மணித் தலைகள் ஆடின. முன்பைவிட அதிகமாக, தடித்து, சோம்பேறித்தனமாக.

"தின்னுட்டுத் தூங்குது பாருங்க" என்றார் பெருமாள் அண்ணே. "இதுங்களுக்கு லெட்டர் குடுக்க ஆளு இல்ல."

கடிதம் வந்த பிறகு அவர் அடித்த முதல் ஜோக் அது.

ஏழாம் நாள் ஆய்வக ஆள் வந்தார். வெளியேறும் இடத்தில் குப்பியை முக்கி எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முடிவு சொல்வது அவர் வேலை அல்ல. ஆனால் குப்பிக்குப் பின்னால் இருந்த வேலிக் கம்பிகளை அந்த நீர் வழியாக என்னால் எண்ண முடிந்தது. பதினொன்று.

முடிவு வந்தபோது நான் கொம்யூட்டரில், ஷா ஆலம் பக்கம் நின்றுகொண்டு போய்க்கொண்டிருந்தேன். எல்லா எண்களும் தேறியிருந்தன. உடனே அவரை அழைத்தேன். காற்றூதி சத்தத்தில் முதல் இரண்டு முறை அவருக்குக் கேட்கவில்லை. மூன்றாம் முறை ரயில் பெட்டி முழுக்கக் கேட்கும்படி, "பாஸ் அண்ணே, பாஸ்!" என்று கத்தினேன். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா எனக்குத்தான் தேர்வு முடிவு என்று நினைத்து, "தஹ்னியா, நாக்" என்று வாழ்த்தினார். நன்றி சொன்னேன். மறுக்கத் தோன்றவில்லை.

இன்றைய நிலவரம்

தூங்கினார் என்ற குற்றச்சாட்டை அலுவலகம் எழுத்தில் திரும்பப் பெற்றுவிட்டது. அனுமதியின்றிக் குழாய் போட்டதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் பெருமாள் அண்ணேயின் கோப்பில் இருக்கிறது. அவர் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதே நிலையத்தில் வேலையில் இருக்கிறார். குழாயையும் வால்வையும் முறைப்படி பதிவுசெய்ய நானும் கோயில் கமிட்டியும் விண்ணப்பித்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை வால்வு பூட்டித்தான் இருக்கும், பால் தொட்டிகளில்தான் சேரும். கோயில் கொட்டகையில் இப்போது ஒன்பது தொட்டிகள் இருக்கின்றன, ஒன்பதையும் நான் முகர்ந்து பார்த்துவிட்டேன்.